22 பெட்டைகள் உள்ள பட்டிக்கு எந்த இனக் கிடா? பேரையூர்ப் பக்கம், கரிசல் நிலம்

பேரையூர்ப் பட்டி

எல்லோருக்கும் வணக்கம். பேரையூருக்குத் தெற்கே கரிசல் நிலத்தில் இருக்கிறோம். 22 செம்மறிப் பெட்டை ஆடுகள். இப்போதுள்ள பொலிகிடா நான்கு வருடமாக எங்கள் பட்டியிலேயே நிற்கிறது. அதன் மகள்களே ஒன்பது உருப்படி பட்டியில் உள்ளன. போன ஈற்றில் இரண்டு குட்டிகள் மிகச் சிறியதாகப் பிறந்து, பால் குடிக்க எழுந்திருக்காமலே போய்விட்டன. அப்போதே கிடாவை மாற்றியிருக்க வேண்டும். அப்பா இருந்தவரை கிடா பார்ப்பது அவர் கையில் இருந்தது. இந்த வருடம் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது.

மேய்ச்சல் முழுக்க வெளியில்தான்: தரிசு, கண்மாய்க் கரை, அறுத்த சோளக்காடு, பருத்தி எடுத்த பிறகு பருத்திக்காடு. இரவில் கொஞ்சம் கடலைக்கொடி வைப்போம். தீவனம் விலைக்கு வாங்கிப் போடும் வசதி இல்லை. ஆடி மாதம் கிடாவைச் சேர்த்தால் மார்கழியில் குட்டிகள் கிடைக்கும் என்பது கணக்கு.

வெம்பூர், மேச்சேரி, நெல்லூர் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கச்சைகட்டிக் கறுப்பும் நமக்குப் பக்கத்தில்தான். எதை வாங்குவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

உயரமே அழகு

நெல்லூர் இனத்தில் ஜுடிப்பி வகையை வாங்குங்கள் தம்பி. இந்தியாவிலேயே உயரமான செம்மறி அதுதான். குட்டி பிறந்த அன்றே வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். வியாபாரி வாசலுக்கு வந்து நிற்பார்.

சோழவந்தான் விவசாயி

மேலே அண்ணன் சொன்னதைக் கேட்டு நாளைக்கே வண்டி பிடித்துவிடாதீர்கள். நான் பட்டதைச் சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு வெளியூர் வியாபாரி ஒருவரிடம் ஒரு நெல்லூர்க் கிடா வாங்கினேன். என் இடுப்பளவு உயரம், மினுமினுவென்று உடம்பு. அது கொட்டகையில் கட்டி வைத்து மக்காச்சோளமும் கடலைப் பிண்ணாக்கும் தின்று வளர்ந்தது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நம் ஆடுகளோடு மேய்ச்சலுக்கு விட்டேன். இரண்டு மாதத்தில் முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. பதினொரு மணி வெயிலுக்கே கருவேல மர நிழலில் படுத்துவிடும். பெட்டைகள் அரை மைல் தள்ளி மேய்ந்துகொண்டிருக்கும்.

பிறந்த குட்டிகள் பெரியவைதான். அதிலும் ஒரு துயரம் நேர்ந்தது. தலையீற்றுப் பெட்டை ஒன்றுக்குக் குட்டியின் தோள் மாட்டிக்கொண்டது. இரவு இரண்டு மணிக்கு நானும் என் மனைவியும் விளக்கெண்ணெய் தடவி இழுத்தோம். குட்டி வந்தது, தாய் பிழைக்கவில்லை. நெல்லூர் நல்ல இனம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஆந்திரத்து மேய்ச்சலுக்கும், அங்குள்ள பெரிய பெட்டைகளுக்கும் ஏற்ற இனம் அது. 22 கிலோ பெட்டைக்கு அந்தக் கிடாவைச் சேர்த்தது என் தவறு.

கரந்தைக் கரிசல்

பேரையூர்த் தம்பிக்கு: உங்கள் மண்ணும் எங்கள் மண்ணும் ஒன்றுதான். நான் தூத்துக்குடி மாவட்டத்தில் வெம்பூருக்குப் பக்கம். மேலக்கரந்தை, கீழக்கரந்தை, நாகலாபுரம், வெம்பூர் என்று இந்தக் கரிசல் பகுதியில் காலங்காலமாக நிற்கும் ஆடு வெம்பூர் ஆடு. வெள்ளை உடம்பில் ஒழுங்கில்லாத செந்நிறத் திட்டுகள் இருக்கும். காது தொங்கும், கால் நீளம். கிடாவுக்குக் கொம்பு உண்டு, பெட்டைக்குக் கிடையாது.

இந்த ஆட்டை நான் பரிந்துரைக்கக் காரணம் கால். வைகாசியில் கரிசல் வெடித்துக் கிடக்கும்போது ஒரு வாய் புல்லுக்கும் இன்னொரு வாய் புல்லுக்கும் நடுவே எத்தனை தூரம் நடக்க வேண்டியிருக்கிறது! எங்கள் ஆடுகள் நாளைக்கு ஐந்தாறு மைல் நடந்து, சாயங்காலம் வயிறு நிறைந்து திரும்பும்.

இன்னொன்று. முழு வளர்ச்சி அடைந்த மேச்சேரிக் கிடாவும் வெம்பூர்க் கிடாவும் ஏறத்தாழ 35 கிலோதான். கிடாவைப் பார்த்தால் பெரிய வேற்றுமை தெரியாது. பெட்டையைப் பாருங்கள். மேச்சேரிப் பெட்டை 22 கிலோ அளவில் நிற்கும், வெம்பூர்ப் பெட்டை 28 கிலோ வரை வரும். கிடா வாங்கப் போகிறவர்கள் கிடாவை மட்டுமே பார்த்துவிட்டு வருகிறார்கள். நான்கு வருடம் கழித்து உங்கள் பட்டியில் நிற்கப்போவது அந்தக் கிடா இல்லை, அதன் மகள்கள்.

மேச்சேரி மண்

கரந்தை அண்ணன் மேச்சேரியைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லிவிட்டார் என்று தோன்றுகிறது. எடை மட்டும் கணக்கில்லை. செம்பழுப்பு நிறம், ஆண் பெண் இரண்டுக்கும் கொம்பில்லை. கொம்பில்லாததால் பட்டிக்குள் முட்டிக்கொண்டு சினை கலைவது குறைவு, வேலியில் தலை மாட்டுவதும் குறைவு. தோலுக்கு மேச்சேரியை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. எங்கள் சேலம் மாவட்டம் பொட்டனேரியில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் மேச்சேரி செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு ஆட்டுக்கும் பிறப்பு எடை, மூன்று மாத எடை, தாய் தகப்பன் எல்லாம் ஏட்டில் இருக்கும். ஏட்டைப் பார்த்துக் கிடா வாங்கும் வசதி வேறு எந்த இனத்துக்கு இவ்வளவு இருக்கிறது?

கச்சைகட்டிக் கறுப்பு

ஐயா, எல்லோரும் எங்கெங்கோ போகிறீர்கள். வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் கச்சைகட்டி. அந்த ஊர்ப் பெயரிலேயே ஓர் இனம் இருக்கிறது. மதுரை மாவட்டத்தின் பெயரைச் சொல்லும் செம்மறி இனம். கறுப்பு என்றால் கால் குளம்புவரை கறுப்பு, நல்ல அகன்ற நெஞ்சு, கிடாவுக்கு முறுக்கிய கொம்பு. தேசிய அளவில் தனி இனமாகப் பதிவும் ஆகிவிட்டது.

இந்த ஆட்டை எங்கள் தாத்தா காலத்தில் கிடா முட்டுக்காகப் பார்த்துப் பார்த்து வளர்த்தார்கள். ஒரு கிடாவை வீட்டுப் பிள்ளை போலத் தனியாகக் கட்டி, பருத்திக்கொட்டை ஆட்டி ஊற்றி, கண்மாயில் நீந்தவிட்டு வளர்த்த வீடுகள் எங்கள் தெருவில் உண்டு. கருப்பசாமிக்கு நேர்ந்துவிடக் கறுப்புக் கிடா கேட்டு ஆடி மாதம் வருகிறவர்கள் விலையைப் பற்றிப் பேச மாட்டார்கள். ஒரு வெள்ளை மயிர் கூட இல்லாமல் இருக்கிறதா என்றுதான் தடவிப் பார்ப்பார்கள்.

எனக்கு உள்ள வருத்தம் இதுதான். உண்மையான கச்சைகட்டி ஆடு இன்று அதிகம் இல்லை. பக்கத்து ஊர்க்காரர்களே வாங்கவில்லை என்றால் என் பிள்ளை காலத்தில் இது இருக்காது. பேரையூர்த் தம்பி, உங்களிடம் உரிமையோடு கேட்கிறேன், நம் மாவட்டத்து ஆட்டை வாங்குங்கள்.

கீதாரி பேரன்

எல்லோரும் கிடாவைப் பற்றியே பேசுகிறோம். தம்பியின் பெட்டைகள் என்ன இனம் என்று ஒருவரும் கேட்கவில்லையே! என் தாத்தா கீதாரி. இராமநாதபுரத்தில் கிளம்பித் தஞ்சாவூர் வரை கிடை போட்டுக்கொண்டு போவார். கிடா வாங்க யாராவது வந்தால் முதல் கேள்வி, “உன் ஆட்டைக் காட்டு” என்பதுதான். பெட்டைகளில் என்ன குறை என்று பார்த்து, அந்தக் குறையை நிரப்பும் கிடாவைக் கொடுப்பார். நெஞ்சு ஒடுங்கிய பெட்டைக்கு நெஞ்சகன்ற கிடா. கால் குட்டையான பெட்டைக்கு நீண்ட கால் கிடா.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இராமநாதபுரம் வெள்ளையையும் கீழக்கரிசலையும் ஒருவரும் பெயர் சொல்லிக்கூடக் கேட்கவில்லை. கீழக்கரிசல் நம் மதுரை, இராமநாதபுரம் பக்கத்துச் சொந்த இனம். செம்பழுப்பு உடம்பு, தலையிலும் வயிற்றிலும் காலிலும் கறுப்பு. உருவம் சிறியது, சந்தையில் எடுப்பாகத் தெரியாது. ஆனால் காய்ந்த காட்டில் கடைசிவரை நிற்பது அதுதான்.

பேரையூர்ப் பட்டி

கேட்டதற்கு நன்றி அண்ணே. பெட்டைகள் பெரும்பாலும் இராமநாதபுரம் வெள்ளைச் சாயல், நாலைந்து கீழக்கரிசல் நிறம். இன்று காலை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தராசில் தொங்கவிட்டேன். 20 கிலோவிலிருந்து 25 கிலோவரை இருக்கின்றன. நெஞ்சு பரவாயில்லை. கால்தான் குட்டை.

கிடாக்குட்டிகளை நான்கைந்து மாதத்தில் விற்றுவிடுவோம், திருமங்கலம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கோ வீட்டுக்கு வரும் வியாபாரிக்கோ. பெட்டைக்குட்டிகளில் நல்லதை வைத்துக்கொள்கிறோம். இன்னும் மூன்று வருடத்தில் 40 உருப்படி ஆக்க ஆசை.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்

தம்பி தராசு பிடித்ததற்கே அவருக்கு விடை பாதி கிடைத்துவிட்டது. மீதியைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பழைய கிடா. தகப்பனையும் மகளையும் சேர்த்தால் பிறக்கும் குட்டிக்கு உட்கலப்பு, அதாவது நெருங்கிய உறவுக் கலப்பு, 25 சதவீதம். போன ஈற்றில் செத்த இரண்டு குட்டிகளும் அந்த ஒன்பது மகள்களில் யாருடையவை என்று நினைவுபடுத்திப் பாருங்கள். 22 பெட்டைக்கு ஒரு கிடா போதும், 25 வரை முழு வளர்ச்சி அடைந்த கிடா தாங்கும். ஆனால் சிறிய பட்டியில் ஒரே ஒரு கிடா என்பதால், எல்லாக் குட்டிக்கும் அதுவே தகப்பன். ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம் மாற்றுங்கள்.

அடுத்து, இனத்தைவிட ஆடு முக்கியம். மோசமான வெம்பூர்க் கிடாவைவிட நல்ல கீழக்கரிசல் கிடா மேல். சந்தையில் வாங்காதீர்கள், பட்டிக்குப் போய் வாங்குங்கள். தாயைப் பாருங்கள். தாய் மடி எப்படி இருக்கிறது, கூடப் பிறந்த பெட்டைகள் எப்படி வளர்ந்திருக்கின்றன என்று பாருங்கள். சந்தையில் இது ஒன்றும் தெரியாது.

கிடாவைத் தொட்டுப் பாருங்கள். கீழ் இமையை விரலால் இழுத்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் வயிற்றில் இரத்தம் குடிக்கும் புழு இருக்கலாம். வாயைத் திறந்து பல் பாருங்கள். இரண்டு பல் போட்டிருந்தால் ஒன்றரை வயது அளவு, அதை 15 பெட்டைக்கு மேல் விட வேண்டாம். நான்கு பல் என்றால் இரண்டு வயது, அதுதான் உங்களுக்கு ஏற்றது. மேல் அண்ணமும் கீழ்ப் பல்லும் பொருந்த வேண்டும், முன்னும் பின்னுமாக இருந்தால் புல் கடிக்க வராது. பிறகு கிடாவுக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டு விதைகளையும் கையில் ஏந்திப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு, அழுத்தினால் கெட்டியான ரப்பர்ப் பந்து போல இருக்க வேண்டும். பிசைந்த மாவு போல் நெகிழ்ந்தாலோ, உள்ளே முடிச்சு தட்டினாலோ, எவ்வளவு அழகான கிடாவானாலும் விட்டுவிட்டு வாருங்கள். வெட்கப்பட வேண்டாம். நான் வேலையில் இருந்த காலத்தில் பட்டி முழுக்கச் சினை பிடிக்காமல் போய்ப் பெட்டைகளைக் குறை சொன்ன வீடுகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் கிடாவின் விதையை ஒருவரும் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள்.

இப்போது வைகாசி, கத்திரி வெயில். கிடாவின் உடம்பில் ஒரு விந்தணு உருவாகி வெளிவர ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். இந்த வெயிலில் நிழல் இல்லாமல் வாடிய கிடாவுக்கு அதன் பலன் ஆடியில்தான் தெரியும். ஏறும், எல்லாம் சரியாக நடப்பது போலிருக்கும், சினை நிற்காது. காய்ச்சல் கண்டு எழுந்த கிடாவுக்கும் இதே கதை. ஆகவே கிடா இப்போது எங்கே நிற்கிறது, மரத்தடியிலா தகரக் கொட்டகையிலா என்று பார்த்து வாங்குங்கள்.

பண்ணை கனவு

ஐயா, எல்லோரும் டார்ப்பர் என்கிறார்களே? சமூக வலைத்தளத்தில் பார்த்தால் ஆட்டுக்குட்டியா கன்றுக்குட்டியா என்று தெரியவில்லை. இரட்டைக் குட்டி போடும் கிடாவும் இருக்கிறதாமே?

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்

டார்ப்பர் தென் ஆப்பிரிக்காவில் 1930களில் தொடங்கி உருவாக்கிய இனம். டார்செட் ஹார்னையும் கறுந்தலைப் பாரசீக ஆட்டையும் சேர்த்தார்கள். வளர்ச்சி வேகம் உண்மை. அந்த வேகத்துக்குத் தீனி வேண்டும். விலைக்குத் தீவனம் வாங்க வசதியில்லை என்று தம்பி முதலிலேயே சொல்லிவிட்டார். அதோடு நம் ஊரில் டார்ப்பர் என்று விற்பவை பல கலப்பு. கலப்புக் கிடாவின் குட்டிகள் ஒன்று தகப்பனைக் கொள்ளும், ஒன்று பாட்டியைக் கொள்ளும். எது வரும் என்று சொல்ல முடியாது.

இரட்டைக் குட்டிக்குக் காரணமான மரபணு வங்காளத்துச் சுந்தரவனக் காட்டுக் கேரோல் ஆட்டில் உண்டு. அதை மகாராட்டிரத்துத் தக்காணி ஆட்டில் ஏற்றிப் அங்குள்ள பல்தண் ஊரில் நாரி சுவர்ணா என்ற ஆட்டை உருவாக்கினார்கள். அந்த மரபணு இல்லாத நம் ஆடுகளில், இரட்டையாகப் பிறந்த கிடா என்பதற்காக அதன் மகள்களும் இரட்டை ஈனும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பரம்பரையாக இறங்கும் பங்கு மிகக் குறைவு. கிடா சேர்ப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்து பெட்டைக்குத் தினம் 200 கிராம் கம்பு அல்லது சோளம் வையுங்கள். அது கண்கூடான பலன் தரும்.

நத்தம் சாலை அக்கா

தம்பி, நான் 18 பெட்டை வைத்திருக்கிறேன், வீட்டில் ஆண்கள் வெளியூர் வேலை, மேய்ச்சல் முதல் மருந்து வரை நான்தான். ஒரு வேலை சொல்கிறேன், செய்யுங்கள். காவிப் பொடியைக் கடலை எண்ணெயில் குழைத்துக் கிடாவின் முன்நெஞ்சில் தடவுங்கள். எந்தப் பெட்டை மேல் ஏறியதோ அதன் பின்பக்கம் சிவக்கும். பருவச் சுற்று 17 நாள். 17 நாள் கழித்துக் காவியை நிறுத்தி நீலம் தடவுங்கள். சிவந்த பெட்டை மேல் நீலமும் விழுந்தால் அது முதலில் சினை பிடிக்கவில்லை. ஒன்றிரண்டு என்றால் பெட்டையின் குறை. எல்லாவற்றின் மேலும் நீலம் விழுந்தால் கிடாவின் குறை. அடுத்த 17 நாளிலேயே தெரிந்துவிடும், மார்கழி வரை காத்திருந்து ஏமாற வேண்டாம்.

வாங்கி வந்த கிடாவை நேரே பட்டிக்குள் விடாதீர்கள். மூன்று வாரம் தனியாகக் கட்டுங்கள். குடற்புழு மருந்து, துள்ளுமாரி, ஆட்டுக்கொல்லி ஊசி எல்லாம் அந்த மூன்று வாரத்தில் முடியட்டும். கருச்சிதைவு நோய்க்கு இரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். திருப்பரங்குன்றத்தில் கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி மையம் இருக்கிறது. அங்கே எனக்குப் பொறுமையாக வழி சொன்னார்கள்.

கச்சைகட்டிக் கறுப்பு

ஆய்வாளர் ஐயா நம் மாவட்டத்து இனத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்

சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு தம்பி. உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால் வெள்ளைப் பெட்டைப் பட்டியில் ஒரு கச்சைகட்டிக் கிடாவை விட்டால் கலப்புக் குட்டி பிறக்கும், இனம் வளராது. உங்கள் நல்ல கிடா ஒன்று அங்கே போய் வீணாகும் என்றே நான் சொல்வேன். இனம் நிற்க வேண்டுமென்றால் கச்சைகட்டிப் பெட்டைகளோடு சேர்த்து வாங்குகிறவர் வேண்டும். ஐந்து பெட்டை, உறவில்லாத ஒரு கிடா என்று பத்து வீடுகள் வைத்துக்கொண்டு, கிடாக்களைத் தங்களுக்குள் மாற்றிக்கொண்டால் போதும். அதை நீங்களே தொடங்கலாம்.

நத்தம் சாலை அக்கா

அப்படியென்றால் எனக்கு ஐந்து கச்சைகட்டிப் பெட்டையும் ஒரு கிடாவும் பார்த்துச் சொல்லுங்கள் தம்பி. தனிப்பட்டி போட இடம் இருக்கிறது. அழகர்கோயில் பக்கம் கறுப்புக் கிடாவுக்குக் கேள்வி எப்போதும் உண்டு.

கச்சைகட்டிக் கறுப்பு

அக்கா, இன்றே பார்க்கிறேன். ஒரே வீட்டில் வாங்க வேண்டாம். மூன்று வீட்டில் வாங்குவோம்.

பேரையூர்ப் பட்டி

இரண்டு மாதத்துக்கு மேல் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள்.

கால்தான் என் பெட்டைகளின் குறை, பெட்டைக்குட்டிகளை வைத்துக்கொள்ளப்போகிறேன், நடந்துதான் மேய வேண்டும். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்து வெம்பூர் என்று முடிவு செய்தேன். ஆனி முதல் வாரம் கரந்தைப் பக்கம் நான்கு பட்டிகள் ஏறி இறங்கினேன். மிக அழகான கிடா இரண்டாவது பட்டியில் இருந்தது. ஐயா சொன்னபடி பின்னால் உட்கார்ந்து பார்த்தேன், ஒரு விதை மற்றதைவிடச் சின்னது. விட்டுவிட்டு வந்தேன். நான்காவது பட்டியில் ஒரு பெரியம்மா. “இதன் தாய் அதோ நிற்கிறது, போய்ப் பார்” என்று அவராகவே சொன்னார். ஏழாவது ஈற்று, வயிற்றை ஒட்டிய மடி, இரண்டு காம்பிலும் பால். அதன் மகன், நான்கு பல், வேப்பமரத்தடியில் நின்றது. அதை வாங்கினேன்.

மூன்று வாரம் தனியாகக் கட்டி, ஊசி மருந்தெல்லாம் முடித்து, பெட்டைகளுக்குக் கம்பு வைத்து, ஆடி முதல் வாரம் சேர்த்தேன். 17 நாளில் 20 பெட்டைகள் காவி பூசி நின்றன. அதன் பிறகு நீலம். நேற்றுவரை நீலம் விழுந்தவை ஐந்து. முதலில் காவியே படாத இரண்டும் அதில் அடக்கம்.

மீதி மூன்றில் இரண்டு தலையீற்றுப் பெட்டைகள். மூன்றாவது அப்பா கடைசியாக வாங்கிய கிழட்டுப் பெட்டை. அதற்குக் கடைவாய்ப் பல் தேய்ந்துவிட்டது. அதற்கு மட்டும் தனியாகக் கம்பை ஊறவைத்துக் கொடுக்கிறேன். இன்னும் ஒரு சுற்றுப் பார்க்கலாமா ஐயா?

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்

பாருங்கள். ஊறவைத்த கம்போடு ஒரு பிடி அகத்திக்கீரையும் சேர்த்துக் கொடுங்கள்.